பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்டில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை ஒருநாள் ஃபார்ம்வில்லுக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. மேற்கே சுமார் 65 மைல். கல்லூரி ஒன்று, ஒரு கடைத்தெரு, பழைய செங்கல் கட்டடங்கள் என்று சின்ன ஊர்தான். கறுப்பினப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகள் சேர்ந்து படிக்கக் கூடாது என்பதற்காக வெள்ளையர்கள் 1959இல் இங்கே ஒரு தனியார் பள்ளியைத் தொடங்கினார்கள். அதோடு ஊரில் இருந்த அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் ஐந்து வருடம் மூடி வைத்தார்கள். இதைச் சொன்னவுடன் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். காரில் போகும்போதும் திரும்பும்போதும் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பப்ளிக் ஸ்கூல்னா என்ன, கவுண்டின்னா என்ன? அதுலயே எனக்குக் குழப்பமா இருக்கு.

நம் ஊரில் பெயர்ப்பலகையில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று இருந்தால் பெரும்பாலும் தனியார் பள்ளி, கட்டணமும் எகிறும். அமெரிக்காவில் நேர் எதிர். பப்ளிக் ஸ்கூல் என்றால் அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது. கீழே அரசுப் பள்ளி என்றே எழுதுகிறேன்.

கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் தாலுகா மாதிரி, ஆனால் அதிகாரம் அதிகம். சொத்து வரி போடுவது கவுண்டியின் நிர்வாகக் குழு, பள்ளிகளை நடத்துவது பள்ளிக் குழு. நடத்துகிறவர்கள் வேறு, காசு கொடுக்கிறவர்கள் வேறு. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ஃபார்ம்வில் இருப்பது வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில்.

'செக்ரிகேஷன் அகாடமி'ங்கறது அந்தப் பள்ளியோட பேரா?

இல்லை, அது அந்த வகைப் பள்ளிகளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். இனம் பார்த்துப் பிரித்து வைப்பது செக்ரிகேஷன். அரசுப் பள்ளிகளில் அது செல்லாது என்று ஆனதும், அதைத் தனியார் பள்ளி என்ற கூரைக்குக் கீழே தொடர்வதற்காகத் தென் மாநிலங்களில் தொடங்கப்பட்டவை இவை. எந்தப் பள்ளியும் தன் பலகையில் அப்படி எழுதிக்கொள்ளவில்லை. ஃபார்ம்வில் பள்ளியின் பெயர் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி. இந்த வகையில் முதல் பள்ளி அதுதானா என்பதை வைத்து வாதாடலாம். ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் பார்த்துப் படித்த முன்மாதிரி அதுதான்.

வழக்கு எப்படி வந்தது? யார் போட்டாங்க?

தொடங்கி வைத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கறுப்பினப் பிள்ளைகளுக்கான ராபர்ட் ரூசா மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939இல் 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951இல் அங்கே 450க்கு மேல் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, சாப்பாட்டுக் கூடம் இல்லை. இடம் போதாததற்குத் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அவற்றைக் கோழிக்கூண்டு என்பார்கள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வெக்கை, கடைசி வரிசைக்காரன் கோட்டைக் கழற்ற முடியாது.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் வேலைநிறுத்தத்தை நடத்தினாள். திட்டம் கச்சிதம். பேருந்து நிலையத்தில் நம் பிள்ளைகள் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்கு ஒரு பொய்த் தொலைபேசி. அவர் அந்தப் பக்கம் போனதும், எல்லோரும் அரங்குக்கு வரவும் என்று அவர் அனுப்பியதுபோல் வகுப்புகளுக்குச் சீட்டு போனது. திரை விலகியபோது மேடையில் நின்றது பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினாள். பள்ளி முழுக்க வெளிநடப்பு செய்தது.

பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம்தான். கறுப்பினத்தவர் உரிமைகளுக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், "பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால் வருகிறோம்" என்றார்கள். ஒரு மாதத்தில் 117 மாணவர்கள் பெயரில் வழக்கு. பின்னால் பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்தது ஐந்து வழக்குகளின் சேர்க்கை. அந்த ஐந்தில் இது ஒன்று, அதுவும் மனுதாரர்கள் மிக அதிகமாக இருந்தது இதில்தான்.

1954லயே தீர்ப்பு வந்தாச்சு. 1959 வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தாங்க?

இழுத்தடித்தார்கள். 1954 மே 17இல் உச்ச நீதிமன்றம் பிரித்து வைப்பது செல்லாது என்றது. எப்போதிலிருந்து என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் வந்த இரண்டாவது தீர்ப்பு 'நிதானமான வேகத்தில்' செய்யுங்கள் என்றது. வேகத்தை விட்டுவிட்டு நிதானத்தை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் கீழ் நீதிமன்றம் பிரின்ஸ் எட்வர்டுக்கு 1965 வரை தவணை கொடுத்தது.

இந்த இடைவெளியில் வெள்ளையர் தரப்பு சும்மா இருக்கவில்லை. 1954லேயே மாநில உரிமைக் காவலர்கள் என்று ஒரு அமைப்பு உருவாயிற்று. உள்ளூர்ப் பத்திரிகையான ஃபார்ம்வில் ஹெரால்டின் உரிமையாளர் பாரி வால் அதில் முக்கியமானவர். 1955இலேயே ஒரு நிதி அமைப்பையும் தொடங்கினார்கள். அரசுப் பள்ளிகள் மூடப்பட்டால் வெள்ளை ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வாக்குறுதி சேர்த்து வைத்தது அது. அகாடமி திடீரென்று முளைத்தது என்று யாராவது சொன்னால் இந்த வருடத்தை ஞாபகப்படுத்துங்கள்: 1955.

மாநில அளவில் செனட்டர் ஹாரி பர்ட் 'மாபெரும் எதிர்ப்பு' என்று அறிவித்தார். இனம் கலக்கும் பள்ளியை மூடுவதற்கே சட்டம் வந்தது. 1958இல் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃப்ரன்ட் ராயல் ஊர்களில் பள்ளிகளை மூடினார்கள், சுமார் 13,000 பிள்ளைகள் வெளியே நின்றார்கள். 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அந்தச் சட்டத்தை அடித்துப் போட்டன. மற்ற ஊர்கள் அதோடு அடங்கின.

அதெப்படி ஒரு கவுண்டி எல்லா ஸ்கூலையும் இழுத்து மூட முடியும்? சட்டம் விடுமா?

முதல் பதிலில் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். 1959 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 1965 தவணையை ரத்து செய்து, வரும் செப்டம்பரிலேயே சேர்த்து நடத்துங்கள் என்றது. உத்தரவு போனது பள்ளிக் குழுவுக்கு. பதில் கொடுத்தது நிர்வாகக் குழு. ஜூனில் கூடி, இந்த வருடம் பள்ளி வரி போடப்போவதில்லை என்று முடிவு செய்தார்கள். வரி இல்லை, காசு இல்லை, பள்ளி இல்லை. "நாங்கள் எந்த உத்தரவையும் மீறவில்லையே" என்று கையை விரித்தார்கள்.

பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற சட்டத்தை மாநிலமும் அதே வருடம் நீக்கி, அவரவர் கவுண்டியின் விருப்பம் என்று விட்டிருந்தது. ஆகவே படிப்பு இல்லாமல் இருப்பதும் குற்றம் இல்லை. முடிவுக்குச் சொன்ன வாதமும் சாமர்த்தியமானது. பள்ளி எல்லோருக்கும்தானே மூடப்பட்டது, இதில் பாகுபாடு எங்கே? கதவு எல்லோருக்கும் பூட்டப்பட்டது உண்மை. பக்கத்துக் கதவின் சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

ஜூன்ல முடிவு, செப்டம்பர்ல புதுப் பள்ளிக்கூடம். மூணு மாசத்துல எப்படி முடிஞ்சது?

கட்டடம் கட்டவில்லை. தேவாலயங்களின் ஞாயிறு வகுப்பு அறைகள், சங்கக் கூடங்கள், காலிக் கடை, ஓடாமல் கிடந்த சினிமாக் கொட்டகை என்று ஊர் முழுக்க இடம் பிடித்தார்கள். சுமார் 1,500 வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் ஏறக்குறைய அப்படியே அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். நேற்று வரை வெள்ளையர் பள்ளியாக இருந்தது அதே ஆசிரியர், அதே மாணவரோடு வேறு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டது என்று சொன்னால் பொருத்தம். உயர்நிலைப் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் 1961இல் வந்தது.

இவ்வளவுக்கும் காசு யார் குடுத்தாங்க?

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 'தனியார் பள்ளி' என்ற சொல்லில் பாதி இங்கேதான் கழன்று விழுகிறது. முதல் வருடம் (1959–60) நன்கொடையில் ஓடியது, உள்ளூரிலிருந்தும் வெளியிலிருந்தும். பெற்றோரிடம் கட்டணம் வாங்கவில்லை.

இரண்டாம் வருடம் கட்டணம் வைத்தார்கள்: தொடக்க வகுப்புக்கு 240 டாலர், உயர்நிலைக்கு 265. அதே நேரத்தில் மாநிலம் எந்த இனப் பிள்ளைக்கும் தனியார் பள்ளிக் கட்டண மானியம் என்று 125 அல்லது 150 டாலர் தந்தது. கவுண்டி தன் பங்குக்கு 100 சேர்த்தது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். தொடக்க வகுப்புக்கு 225 மானியம், உயர்நிலைக்கு 250. இரண்டிலும் பெற்றோர் கையிலிருந்து போனது 15 டாலர். பள்ளி வரி போட மாட்டோம் என்ற அதே நிர்வாகக் குழுதான் அந்த 100ஐயும் கொடுத்தது.

இது போதாதென்று, கவுண்டியில் உள்ள லாபநோக்கற்ற தனியார் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தால் சொத்து வரியில் 25 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம் என்றும் விதி போட்டார்கள். விதியில் எங்கேயும் 'வெள்ளை' என்ற சொல் இல்லை. அப்படி ஒரு பள்ளி அந்தக் கவுண்டியில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். 1961இல் நீதிமன்றம், அரசுப் பள்ளிகள் மூடியிருக்கும் வரை மானியமும் வரிக்கழிவும் கூடாது என்று தடுத்தது. அதற்குப் பிறகு கட்டணத்திலும் நன்கொடையிலும்தான் ஓட்டினார்கள்.

கறுப்பினப் பிள்ளைகள் அந்த அஞ்சு வருஷம் என்ன பண்ணினாங்க?

சுமார் 1,700 பிள்ளைகள். உறவினர் வெளியூரில் இருந்தவர்கள் அங்கே போனார்கள். ஒரு குடும்பத்தில் மூத்தவன் பாட்டி வீட்டில், அடுத்தவள் அத்தை வீட்டில், கடைக்குட்டி வீட்டிலேயே என்று சிதறினார்கள். மேல் வகுப்பில் இருந்த சிலரை வட கரோலினாவில் இருந்த கிட்ரெல் கல்லூரி சேர்த்துக்கொண்டது. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் அமைப்பு ஒன்று சில டஜன் பேரை வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களோடு தங்க வைத்துப் படிக்க வைத்தது. ஊருக்குள் தேவாலயத் தரைத்தளங்களில் பயிற்சி மையங்கள் நடந்தன. அவற்றைப் பள்ளி என்று அழைக்கக் கூடாது என்பதில் நடத்தியவர்களே கவனமாக இருந்தார்கள்.

பலருக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. புகையிலைத் தோட்டத்து வேலைக்குப் போனார்கள். 1959இல் ஆறு வயதான குழந்தை எழுத்தே தெரியாமல் பத்து வயதைத் தொட்டது. கறுப்பின ஆசிரியர்களுக்கும் வேலை போய், பெரும்பாலோர் ஊரைவிட்டே போனார்கள். இதைச் சிலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அவங்களும் தனியா ஒரு பள்ளி ஆரம்பிச்சிருக்கலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. வெள்ளையர் தரப்பே அதைச் செய்து தருவதாக முன்வந்தது. 1959 முடிவில் சவுத்சைடு ஸ்கூல்ஸ் என்ற பெயரில், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று அறிவித்தார்கள். வந்த விண்ணப்பம் ஒன்று.

ஏன் என்பது எளிது. அதில் சேர்ந்திருந்தால் இரண்டு இனத்துக்கும் தனித்தனிப் பள்ளி, இரண்டுக்கும் அரசு மானியம் என்று ஆகியிருக்கும். எதை எதிர்த்து 1951இல் வழக்குப் போட்டார்களோ அதையே தாங்களாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியது போல. பயிற்சி மையத்தைப் பள்ளி என்று சொல்லாததற்கும் காரணம் இதுதான். இந்த முடிவின் விலையைக் கொடுத்தது குழந்தைகள், அது பெற்றோருக்குத் தெரியாததல்ல. "விட்டுக்கொடுத்திருக்கலாம்" என்று இன்று சொல்வது சுலபம். அந்த ஊரில் போய் நின்றபிறகு எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளைக்காரங்க எல்லாருமே இதுக்கு ஆதரவா இருந்தாங்களா?

இல்லை. ஆனால் வாய் திறந்தவர்கள் குறைவு. ஊரில் கடை வைத்திருப்பவன் பேசினால் வியாபாரம் போகும். லாங்வுட் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் கோர்டன் மாஸ் வெளிப்படையாக எதிர்த்தார், அதற்காக ஒதுக்கப்பட்டார். அவர் மகன் பின்னால் கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த ஒரு சில வெள்ளை மாணவர்களில் ஒருவன். அப்புறம், கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளைக் குடும்பங்களும் உண்டு. அவர்களில் சிலருடைய பிள்ளைகளும் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எந்தத் தரப்பும் அதிகம் பேசவில்லை.

கென்னடி ஆட்சிதானே அப்போ? வாஷிங்டன்ல யாருமே கேக்கலையா?

கேட்டார்கள், தாமதமாக. 1963 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி ஒரு பேச்சில் இலவச அரசுக் கல்வி இல்லாத இடங்களை அடுக்கினார். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவை விட்டுவிட்டால் கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், அப்புறம் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்றார். அந்தக் கோடையில் ஃபார்ம்வில் கடைத்தெருவில் இளைஞர்கள் மறியல் செய்தார்கள். நியூயார்க்கிலிருந்து குவீன்ஸ் கல்லூரி மாணவர்கள் வந்து பாடம் எடுத்தார்கள்.

1963 செப்டம்பரில் 'இலவசப் பள்ளிகள்' திறந்தன. நன்கொடைப் பணம், மூடிக் கிடந்த அரசுக் கட்டடங்கள், நியூயார்க்கிலிருந்து வந்த நீல் சல்லிவன் என்ற கல்வியாளர் தலைமை. 1,500க்கு மேல் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரே வருடத்துக்கான ஏற்பாடு அது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் யாரையும் உட்கார வைக்க முடியவில்லை என்பதால் வகுப்பு என்ற கணக்கையே விட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு தெரியுமோ அங்கிருந்து தொடங்கினார்கள்.

கடைசியில கோர்ட் என்ன சொல்லிச்சு?

1964 மே 25இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரிஃபின் வழக்கு என்பார்கள். ஃபார்ம்வில் முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் பிரான்சிஸ் கிரிஃபின்தான் 1951இலிருந்து ஊர்ப் போராட்டத்துக்குத் தூண். அவருடைய பிள்ளைகளின் பெயரில் நடந்த வழக்கு. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், நிதானமான வேகத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்றார். வேறு எந்தக் காரணத்துக்காக ஒரு கவுண்டி பள்ளிகளைக் கைவிட்டாலும், இனம் கலக்கக் கூடாது என்ற காரணம் அரசியல் சட்டத்துக்கு முன் நிற்காது.

இதில் கூர்மையான பகுதி வேறு. நிர்வாகக் குழு வரி போட்டே ஆக வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது தீர்ப்பு. 'நாங்கள் வரிதானே போடவில்லை' என்று ஐந்து வருடம் ஒளிந்துகொண்ட இடத்திலேயே கை வைத்தார்கள்.

நடுராத்திரியில செக் குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன். நெசமா?

நிஜம்தான். அரசுப் பள்ளி திறக்கப் போகிறது என்றால் மானியத் தடை நீங்கிவிட்டது என்று நிர்வாகக் குழு எடுத்துக்கொண்டது. 1964 கோடையில் போட்ட வரவுசெலவில், அரசுப் பள்ளிகளுக்கு ஒதுக்கியதைவிட அகாடமிப் பெற்றோருக்கான மானியம் அதிகம். எதிர்த்தரப்பு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வரும் வரை கொடுக்காமல் இருப்பீர்களா என்று கேட்டதற்கு உறுதி தர மறுத்தார்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் இரவு குழு கூடியது. பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினார்கள், இரவோடு இரவாகச் சுமார் 1,80,000 டாலருக்குக் காசோலைகள் கைமாறின. காலையில் வங்கியில் பணமாகவும் மாறின. 1966இல் இது நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பாகி, தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். மாநிலத்தின் கட்டண மானியத் திட்டமே 1969இல் செல்லாததாயிற்று.

அரசுப் பள்ளி திறந்ததும் அகாடமி காலியாகியிருக்குமே?

ஆகவில்லை. 1964 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் மட்டுமே என்று சொல்லும் அளவில்தான் வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அகாடமி தொடர்ந்தது. வரி போடும் குழுவில் இருந்தவர்களின் சொந்தப் பிள்ளைகள் அகாடமியில். அரசுப் பள்ளிக்கு எவ்வளவு காசு ஒதுக்கியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வெள்ளைக் குடும்பங்கள் அரசுப் பள்ளிக்குத் திரும்பியது மெல்ல மெல்ல, எழுபதுகளில் தொடங்கி.

வேற ஊர்லயும் இப்படி நடந்ததா?

அகாடமிகள் தென் மாநிலங்கள் முழுக்க வந்தன. அரசுப் பள்ளி எல்லாவற்றையும் ஐந்து வருடம் மூடியது பிரின்ஸ் எட்வர்ட் மட்டும்தான். பெரிய அலை 1969க்குப் பிறகு. அந்த அக்டோபரில் மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 'உடனே' என்றது. அடுத்த ஓரிரு பள்ளி ஆண்டுகளில் அகாடமிகள் காளான் போல முளைத்தன. மிசிசிப்பியும் கட்டண மானியம் கொடுத்துப் பார்த்தது, அதுவும் 1969இல் நீதிமன்றத்தில் விழுந்தது. அரசுப் பாடப்புத்தகங்களை இப்பள்ளிகளுக்கு இரவல் கொடுப்பதும் 1973இல் நின்றது.

தனியார் பள்ளி யாரைச் சேர்க்கணும்னு அரசாங்கம் எப்படிச் சொல்ல முடியும்? அவங்க இஷ்டம்தானே?

நியாயமான கேள்வி. 1954 தீர்ப்பு அரசுக்குத்தான், தனியாருக்கு இல்லை. அதனால்தான் இந்த ஓட்டையே கிடைத்தது. அதை அடைத்தது ஒரு பழைய சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1866இல் வந்த குடிமை உரிமைகள் சட்டம், ஒப்பந்தம் செய்துகொள்ள வெள்ளையருக்கு உள்ள உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. பள்ளிச் சேர்க்கை என்பது கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லித்தரும் ஒப்பந்தம்தானே? வட வர்ஜீனியாவின் இரண்டு தனியார் பள்ளிகள் மீதான வழக்கில், 1976இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆண்கள் பள்ளி, மதப் பள்ளி என்பவற்றை அந்த வழக்கு தொடவில்லை. இனம் பார்த்து மறுப்பதை மட்டும் தடுத்தது.

அப்போ 1976லேயே கறுப்பினப் பிள்ளைகள் அகாடமியில சேந்துட்டாங்களா?

இல்லை, இன்னும் பத்து வருடம். சட்டம் சொன்னால் போதாது, யாராவது விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கட்டிக்கொண்டு, தன்னை வேண்டாம் என்று சொல்வதற்காகவே கட்டிய பள்ளிக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

அசைத்தது மறுபடியும் காசுதான். பாகுபாடு காட்டும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1970இல் வருமான வரித் துறை அறிவித்தது. அகாடமியை நடத்திய அறக்கட்டளையின் வரிவிலக்கு 1978இல் போயிற்று. வழக்காடித் தோற்றார்கள். விலக்கு இல்லையென்றால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை இல்லை, நன்கொடை வற்றும். எண்பதுகளின் நடுவில் பாகுபாடற்ற சேர்க்கை என்று ஒப்புக்கொண்டு விலக்கைத் திரும்பப் பெற்றார்கள். முதல் கறுப்பின மாணவர்கள் சேர்ந்தது 1986இல். மோட்டன் வேலைநிறுத்தத்திலிருந்து 35 வருடம்.

இனத்துக்காக இல்ல, கல்வித் தரத்துக்காகவும் உள்ளூர் உரிமைக்காகவும்தான் ஆரம்பிச்சோம்னு சிலர் சொல்றாங்களே?

ஃபார்ம்வில்லில் அப்படிப் பேசும் முதியவர்கள் இருந்தார்கள். படித்துவிட்டுப் போன பிள்ளைகள் பலர் நல்ல ஆசிரியர்களையும் நண்பர்களையும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு வயதுக் குழந்தை எந்தப் பள்ளியையும் தொடங்கவில்லை.

தொடங்கியவர்கள் விஷயம் வேறு. தரம் கெட்டுவிடும் என்ற பயம் ஏன் 1954க்குப் பிறகு வந்தது? வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துப் பாடம் நடத்தும் பள்ளியை நடத்த மாட்டோம் என்று நிர்வாகக் குழுவே 1959இல் எழுத்தில் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு நாம் ஊகிப்பதற்கு ஒன்றும் இல்லை.

இப்போ அந்தப் பள்ளி இருக்கா? பேரு வேறயாமே?

இருக்கிறது, ஃபியூக்வே ஸ்கூல் என்ற பெயரில். ஜே. பி. ஃபியூக்வே இந்தக் கவுண்டியில் பிறந்து, தாத்தா பாட்டியின் புகையிலைப் பண்ணையில் வளர்ந்து, டியூக் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தபாலில் புத்தகம் வரவழைத்துப் படித்து, ஜார்ஜியாவில் பெரும் பணக்காரரானவர். டியூக்கின் வணிகக் கல்லூரிக்கும் அவர் பெயர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த அகாடமிக்கு 1 கோடி டாலர் கொடுத்தார். பெயர் மாறியது, இன்று எல்லா இனப் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். பெயரை மாற்றியது பழசை மறைக்கவா, புதிதாகத் தொடங்கவா என்று கேட்கிறார்கள். இரண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

படிப்பு போன பிள்ளைகளுக்கு ஏதாவது ஈடு கிடைச்சுதா?

2003இல் பள்ளி மூடலால் படிப்பை முடிக்க முடியாதவர்களை அழைத்துக் கௌரவப் பட்டயம் கொடுத்தார்கள். 2004இல் வர்ஜீனியா சட்டமன்றம் அவர்களுக்கென்று கல்வி உதவித்தொகை கொண்டுவந்தது. மாநிலம் 10 லட்சம் டாலர், ஜான் க்ளூகே என்ற செல்வந்தர் 10 லட்சம். விட்ட இடத்திலிருந்து படித்து முடிப்பதற்கு. 1959இல் ஆறு வயதாக இருந்தவருக்கு அப்போது ஐம்பத்தொன்று.

ஃபார்ம்வில் போனா என்ன பாக்கலாம்?

பழைய மோட்டன் பள்ளி இன்று அருங்காட்சியகம். பார்பரா பேசிய அரங்கு அப்படியே இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். அவர் பிறகு நூலகராக வேலை செய்து 1991இல் காலமானார். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படையை நடத்திய தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை.

மாலை வரை இருந்தால் கவுண்டி நீதிமன்றத்தின் மணிக்கோபுரத்தைப் பாருங்கள். பள்ளிகளை மூடியதற்கு வருத்தம் தெரிவித்து, 2008இல் நிர்வாகக் குழு அங்கே ஒரு விளக்கை ஏற்றியது. வரி போட மாட்டோம் என்று முடிவெடுத்த அதே குழு, ஆட்கள்தான் வேறு. அருங்காட்சியகம் இருக்கும் தெருவுக்கு இப்போது போதகர் கிரிஃபினின் பெயர். கார் நிறுத்த அங்கேயே இடம் உண்டு.